தோளில் சிவந்த தடம்

விண்வெளித் தொழிற்சாலையில் தீபாவளிப் பரிசு என்று சொல்லி, தொழிலாளர்களின் ஓட்டப் பயிற்சி இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள்.

"இனிமே யாரும் தோள்ல பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஓடிச் சாக வேண்டாம். நிம்மதியா மிதந்துக்கிட்டு இருங்க," என்று மேலாளர் பிரகதீஷ் பல்லைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெல்டர் தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடையில்லாத இங்கே ஓடாத எலும்பு தேய்ந்துபோய், பூமியில் நிற்காது. நிற்க முடியாதவர்களை யார் ஊருக்கு அனுப்புவார்கள்? ஒப்பந்தம் முடிந்தாலும் இங்கேயே கிடந்து உழைக்க வேண்டியதுதான்.

"நீங்களும் ஓட மாட்டீங்களா சார்?"

"நானும் உங்கள்ல ஒருத்தன்தாம்மா."

இனிப்பை நீட்டச் சாய்ந்தவரின் காலர் விலகியது. தோளில் பெல்ட் அழுத்திய தடம் புதிதாகச் சிவந்திருந்தது.

"உங்க ரூம் சாவியக் குடுங்க சார், ஓடிட்டு வர்றோம்," என்றாள் தமயந்தி. "நாங்களும் உங்கள்ல ஒருத்தர்தானே!"