முதல் டோக்கன்

ஆறு நாற்பது. சூசை மிக்கேல். இதய நோய்ப் பிரிவு. டோக்கன் எண் ஒன்று.

ஆறு நாற்பத்தைந்து. ரத்து.

ஆஸ்பத்திரியின் டோக்கன் மென்பொருளைப் பராமரிக்கும் அவன், பட்டியலை மேலே தள்ளினான். நேற்றும் அதே. முந்தாநாளும் அதே. ஏப்ரல் நான்கிலிருந்து ஒரு வேலைநாள் விடாமல், சூசை மிக்கேல் முதல் ஆளாக வந்து ஐந்தே நிமிடத்தில் மனம் மாறிப் போயிருந்தார்.

இதய மருத்துவருக்கு ஒரு நாளைக்கு முப்பது டோக்கன்தான். ரத்தான எண் திரும்பி வராது. எண் கிடைக்காதவர்கள் மறுநாள் வர வேண்டும்.

எவனோ டோக்கனை அமுக்கி வெளியே விற்கிறான், ஆளைப் பிடி என்று சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர்.

ஆள் கவுண்டரிலேயே இருந்தாள். பதினோரு வருடமாகப் பதிவு போடும் அமலோற்பவம்.

அவள் ஒளிக்கவில்லை.

"நீங்க சாப்ட்வேரைப் புதுசா மாத்துனதுலேருந்து காலையில மொத ஆளுக்கு கம்ப்யூட்டரு நாலு நிமிசம் சுத்திக்கிட்டே கெடக்கு, தம்பி. கூட்டம் கத்துது. அதான் முன்னாடியே வந்து ஒரு பேரைப் போட்டு எழுப்பி விட்டுருதேன். போன் பண்ணிச் சொன்னேனே. எங்களுக்கு வேகமாத்தான் இருக்குன்னீங்க."

சொல்லியிருந்தான். பத்து மணிக்கு மேல் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தான்.

சர்வர் தினமும் ஆறு மணிக்கு அணைந்து எழும். மென்பொருளின் பழைய பதிப்பு எழுந்த கையோடு எல்லா நிரல்களையும் ஏற்றி வைத்துக்கொள்ளும். புதியது முதல் ஆள் கூப்பிடும்வரை எதையும் ஏற்றாது. புதிய பதிப்போடு வந்த மாற்றக் குறிப்பில் அதை ஒற்றை வரியில் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி பதிப்பை மாற்றியவன் அவன். அந்த வரியைப் படிக்காதவனும் அவன்தான்.

சூசை மிக்கேல் யார் என்று கேட்டான்.

"எங்க வீட்டுக்காரரு. போய்ச் சேந்து மூணு வருசமாவுது. அவரைப் போட்டா, ஏன் வரலன்னு யாருக்கும் போன் போவாதுல்லா."

ரத்தானாலும் எண் திரும்பாது என்று அவன் சொன்னபோதுதான் அவள் கை விசைப்பலகையிலிருந்து விலகியது.

"அப்போ தெனம் ஒருத்தரைத் திருப்பி அனுப்பிருக்கேனா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அறிக்கையில், தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். சர்வரில் ஒரு வரியை மாற்றினான், எழும்போதே எல்லாவற்றையும் ஏற்றும்படி. அதையும் முழுதாக நம்பாமல், ஆறே காலுக்கு ஒரு சோதனைப் பதிவு தானாக விழும்படி செய்தான். அதற்கு டோக்கன் கிடையாது.

பதிவுக்குப் பெயர் கேட்டது.

'சோதனை' என்று அடித்தான். அழித்தான். வேறொன்றை அடித்தான்.

மறுநாள் ஆறரைக்கே கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றான். வெளியே வரிசை வாசல்வரை போயிருந்தது. அமலோற்பவம் வந்து உட்கார்ந்தாள். கணினியைத் திறந்தாள். பக்கம் உடனே வந்தது.

மேலே ஒரே ஒரு வரி. ஆறு பதினைந்து. டோக்கன் இல்லை.

அவள் அந்த வரியிலிருந்த பெயரைப் படித்தாள்.

"இன்னைக்கு எனக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்றாள்.

பிறகு முதல் ஆளைக் கூப்பிட்டாள்.