மூச்சு இருக்கிற பிள்ளை

ஆஸ்பத்திரி வாசலில் வேனை விட்டு இறங்கிய வேகத்திலேயே, மகனுக்கு உயிர் இருப்பதாக நாச்சிமுத்து அறிவித்துவிட்டார்.

பல்லடம் ரோட்டில் பஸ் தட்டி விழுந்த செந்தில்வேலை டாக்டர்கள் இரண்டு தடவை சோதித்து, மூளைச்சாவு என்று எழுதியிருந்தார்கள். பாவம், படித்தவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்?

"நெஞ்சு ஏறி எறங்குதுங்க. மூச்சு உடற பையனைப் போயிச் செத்துட்டான்னா எந்த அப்பன் ஒத்துக்குவானுங்க?"

ஏற்றி இறக்குவது மெஷின் என்று டாக்டர் மூன்றாவது முறையாகச் சொன்னார். கூட வந்திருந்த பங்காளிகள் பதினோரு பேரும் மூன்றாவது முறையாக முடியாது என்றார்கள்.

பெஞ்சு ஓரத்தில் மருமகள் நாகஜோதி, உறுப்பு தானப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவள், விருதுநகர்ப் பக்கத்துக்காரி. மாமனாரை நேரில் பார்ப்பதே இன்றுதான். கல்யாணமாகி ஐந்து வருடம். அத்தனை நாளும் அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸே ஓடவில்லை போலும்.

போன மாதம் கம்பெனியில் ரத்த தான முகாம். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே செந்தில்வேல் சொன்னான், நான் போயிட்டா எல்லாத்தையும் குடுத்துரு ஜோதி என்று. வாயிலேயே ஒன்று போட்டாள். அவன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். கொடுக்காமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

மனைவி கையெழுத்துப் போட்டால் போதும்தான். ஆனால் பெற்றவர் இப்படி மல்லுக்கு நிற்கும்போது தொட மாட்டோம் என்றார் டாக்டர்.

நாகஜோதி எழுந்தாள். ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து, நாலாக மடித்த பெரிய தாள் ஒன்றை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

"இவுக செத்த தேதி இதுல இருக்கு சார். மாமாதான் போட்டாக."

அவிநாசி பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து அதை உரித்து வந்தவன் செந்தில்வேல். நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா அடிச்ச ஒரே நோட்டீஸ், பத்திரமா வை என்று அன்றைக்குச் சிரித்தான்.

கண்ணீர் அஞ்சலி. நடுவில் பள்ளிக்கூடத்து போட்டோவில் செந்தில்வேல். மறைவு: அவர்கள் தாலி கட்டிக்கொண்ட மறுநாள். அடியில், கண்ணீருடன், தந்தை நாச்சிமுத்து.

பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நாச்சிமுத்து சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அச்சடித்த கண்ணீர் ஐந்து வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

நாகஜோதி பேனா கேட்டாள்.