குறை சொல்லாத கடிதம்

"'தமக்குத் தரப்பட்ட வேலைகளைச் செய்ய அவர் எப்போதும் முயன்றார்.' எழுதிட்டியா?" என்றார் எக்ஹார்ட் ஹோல்வெக்.

கணினி முன் உட்கார்ந்திருந்த மகள் கெசீனே தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்தாள். "முயன்றார்னு மட்டும் போதுமாப்பா?"

"போதும். முயன்றார்னா ஒண்ணும் கிழிக்கலன்னு அர்த்தம். படிக்கிற முதலாளிக்குப் புரியும்."

வேலையை விட்டுப் போகிறவரின் சான்றிதழில் குறை எழுத ஜெர்மனியில் சட்டம் விடாது. அதனால் புகழ்வது போலவே கழுத்தை அறுக்க முதலாளிகள் தனியாக ஒரு பாஷை வைத்திருந்தார்கள். எக்ஹார்டுக்கு அதில் நாற்பது வருடப் பழக்கம்.

இன்று அகப்பட்டவர் உற்பத்தி மேலாளர் லோமான். ஹோல்வெக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கார் சைலன்சர் குழாயை இறுக்கும் வளையங்கள் செய்துவந்தது. மின்சாரக் கார்கள் பெருகப் பெருக ஆர்டர் பாதியாகி, தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் குழாய்களுக்கு ஏற்றபடி வளையத்தை மாற்றினால் நூற்றிருபது பேரின் வேலையும் தப்பும் என்று லோமான் மாதிரி ஒன்று செய்து எடுத்து வந்தார். எக்ஹார்ட் அதை அவர் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டார்.

"எங்க தாத்தா பேர் பொறிச்ச வளையம் வெந்நீர்க் குழாய்ல தொங்கணுமாம். அதுவும் நேத்து வந்தவன் சொல்றான்."

"அவர் வந்து பதினோரு வருஷம் ஆச்சுப்பா."

"நம்ம குடும்பத்துக்கு அது நேத்துதான்."

எக்ஹார்ட் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். லோமான் ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு பட்டறையிலிருந்து வெளியே வந்தார். பெட்டிக்கு மேலே ஒரு கள்ளிச்செடித் தொட்டி. மழையில் நனைந்தபடி முற்றத்தைக் கடந்து, அலுவலகக் கட்டடத்தை நோக்கி நடந்தார்.

"விஷயம் காதுக்குப் போயிடுச்சு போல. மூட்டை கட்டிட்டான். வெளிய போற கேட் எந்தப் பக்கம்னுகூடத் தெரியல பாரு."

சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, காலை பத்து மணிக்கான சாராயத்தை அளவாக ஊற்றிக்கொண்டார். "அடுத்து எழுது. 'தமது கலகலப்பான சுபாவத்தால் பணியிடத்தின் சூழலை மகிழ்ச்சியாக்கினார்.'"

கெசீனேயின் விரல்கள் நின்றன. "குடிகாரன்னு அர்த்தமாச்சேப்பா."

"ஆமா."

"லோமான் பீர்கூடத் தொடமாட்டார்."

"படிக்கிறவனுக்கு அது தெரியுமா? இரக்கம் பாத்தா நிர்வாகம் நடக்காதும்மா. என்னிக்காவது நீ இந்த நாற்காலியில உக்காருவே, அப்ப புரியும்."

அவள் அவர் கையிலிருந்த கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"நேத்து பங்குதாரர் கூட்டத்துக்கு அத்தை வந்தாளா? கேக்கெல்லாம் தின்னு தீர்த்திருப்பாளே."

"நீங்களும் வந்திருக்கலாம்பா."

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் எதுக்கு?"

சம பங்குள்ள பங்குதாரர்கள் மூன்றே பேர்: அவர், அவருடைய தங்கை, மகள். கூட்டத்துக்குப் போவதை அவர் என்றோ விட்டுவிட்டார். வீட்டுப் பெண்கள் தம் பேச்சைத் தாண்டமாட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"கடைசியில, 'பிரிவது வருத்தமளிக்கிறது'ன்னு ஒரு வரி போடலாமாப்பா?"

"கூடாது. நன்றியும் கூடாது. அதான் கடைசிக் குத்து. இந்த வயசுல இதைத் தூக்கிக்கிட்டுப் போனா எவனும் வாசல்ல சேக்கமாட்டான்."

"ஒரு வார்த்தையாவது மாத்துங்களேன்."

"ஒரு எழுத்துகூட மாத்தாதே. மேல பேரைப் போட்டு, எடுத்துக் குடு."

அவள் பெயரை அடித்தாள். அச்சுப்பொறி ஒற்றைத் தாளைத் துப்பியது.

கதவைத் தட்டிவிட்டு லோமான் உள்ளே வந்தார். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கேட் கீழ இருக்கு, லோமான்," என்றார் எக்ஹார்ட்.

லோமான் கள்ளிச்செடியை எடுத்து ஜன்னல் விளிம்பில், வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து வைத்தார்.

எக்ஹார்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, தாளைச் சுவைத்துப் படிக்கத் தயாரானார். முதல் வரியிலேயே புருவம் சுருங்கியது.

"என்ன வேலை செய்யறே நீ? என் பேரைக் கொண்டுபோய் மேல போட்டிருக்கே. நான் கீழதானே கையெழுத்துப் போடணும்."

கெசீனே அவர் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நேத்து கூட்டத்துல முடிவாயிடுச்சுப்பா, கீழ கையெழுத்து என்னோடது."