பறக்கக் கற்றுத் தருபவர்

மவுன் ஊரில் இருந்தபடி, எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் இருந்த ஹெலிகாப்டர் பள்ளிக்கு அவள் போன் செய்தாள். அலுவலகப் பெண் எடுத்தாள்.

"பையனைச் சேர்க்கணும்மா. ஒண்ணும் தெரியாதவன். யாரு சொல்லித் தருவாங்க?"

"புதுசா வர்றவங்களுக்கு மொதுசி சார்தான்."

"கோவப்படுவாரா?"

"சிரிக்க மாட்டாரு. ஆனா பொறுமைசாலி."

"நேரத்துக்குச் சாப்பிடுறாரா?"

"என்னம்மா, மாப்பிள்ளையா பாக்குறீங்க? பொண்ணுக்குப் பரிசமா எத்தனை மாடு கேப்பீங்க? சரி, உங்க பேரைச் சொல்லுங்க."

மவுன் பக்கமெல்லாம் தலைப்பிள்ளையின் பெயரைச் சேர்த்தே தாயை அழைப்பார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"மொதுசியம்மா."



"சாரோட அம்மாவா? அம்மா செத்துப் பல வருஷம் ஆச்சுன்னு சொன்னாரே."

"அப்ப அது வேற மொதுசிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.