பெரிய பதிப்பு

வாங்கவிருந்த டேட்டாபேஸ் மென்பொருளில் இரண்டு பதிப்புகள் இருந்தன. சாதாரணப் பதிப்பில் ஒரு சர்வர் படுத்துவிட்டால், ஆள் வந்துதான் இன்னொன்றைக் கிளப்ப வேண்டும். பெரிய பதிப்பு தானே மாறிக்கொள்ளும். மில்லின் கணினிப் பிரிவுக்குத் தலைவியான உமையாள் பெரியதைத்தான் கேட்டாள். அவளிடம் வேலை பார்த்த தங்கமுத்துதான் இத்தனை வருடமும் அந்த ஆள்.

“பாவங்க சார். அப்பாவைக் குழிக்குள்ள எறக்குன கையோட சர்வரைக் கிளப்ப வந்து நின்னான். இது வந்துட்டா அவனைக் கூப்பிடவே வேண்டியதில்லைங்க” என்று முதலாளியிடம் மன்றாடினாள்.

முதலாளி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அவள் எழுந்தபோது, “அப்பறம் அவன் எதுக்கும்மா? எல்லாம் ஓட்டிப் பாத்து முடிஞ்சதும் நீங்களே சொல்லி வேலைய விட்டு அனுப்பிச்சுருங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்குவான்” என்றார்.

பெரிய பதிப்பைத் தங்கமுத்துவே பார்த்துப் பார்த்து நிறுவினான். சோதனையன்று, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் ஒயரை அவனே பிடுங்கினான். திரையில் எண்கள் ஒரு நொடி திக்கின. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடத் தொடங்கின.

“அக்கா, பாத்தீங்களா! என்னைத் தேடவே இல்ல!” கைதட்டிச் சிரித்தான் தங்கமுத்து. “முடிஞ்சுதுன்னு மொதலாளிகிட்ட சொல்லிரலாமுங்களா?”

உமையாள் குனிந்து, அவன் பிடுங்கிய ஒயரைத் திரும்பச் செருகினாள்.

“இன்னொருக்கா புடுங்கிப் பாரு, தங்கம்” என்றாள்.