சுரங்கக்காரர் வீட்டுச் சம்பந்தம்

“குடிப்பழக்கம் ஏதும் இருந்ததோ?”

“ஆருக்கு, அங்கிள்?”

“இந்த வீட்டு ஆக்களுக்குத்தான், பிள்ளை.”

துஷ்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, குழப்பமும் வந்தது. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், ரொம்சோஸ் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், காட்டோரத்தில் நிற்கும் இந்தப் பழைய மரவீட்டைச் சுற்றிக் காட்டுவது அவளுடைய கோடைகால வேலை. முந்நூறு வருடங்களுக்கு முன்னர், மலையில் இரும்புக்கல் தோண்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து கூட்டிவரப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்கள் இதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. பார்க்க வருகிறவர்கள் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். பேய் உண்டா என்று கேட்பார்கள். குடியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவர் பெயர் அருட்செல்வம். தங்கை அனஸ்ரேசியாவையும் அவளுடைய மகள் யூலியாவையும் லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயிலேற்றிக் கூட்டி வந்திருந்தார். தாய் அடுப்படியில் நின்றாள். மகள் ஜன்னலடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இந்தச் சம்பந்தம் வந்த நாளிலிருந்து இருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அருட்செல்வம் குரலைத் தாழ்த்தினார்.

“உம்மட்டை ஒளிச்சு என்ன. இங்கை இருந்த ஹெல்விக் குடும்பத்திலை ஒருத்தர் எங்கடை வீட்டிலை பொம்பிளை கேட்டு நிக்கிறார். ரயில் ஓட்டுறவர். விசாரிக்காமல் எப்பிடிக் குடுக்கிறது?”

அவருடைய கவலை நியாயமானதுதான். ஊரில் என்றால் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று இரண்டு பேரிடம் வாயைக் கொடுத்தால் போதும், பாட்டன் பூட்டன் வரைக்கும் சொல்லிவிடுவார்கள். ஒஸ்லோவில் யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரனின் பெயர்கூடத் தெரியாத சனம். அந்த நேரத்தில்தான், மாப்பிள்ளையின் மூதாதையர் இருந்த வீடு இன்னும் நிற்கிறது, ஞாயிறுகளில் திறந்திருக்கிறது, குடும்பக் கதையைச் சொல்ல உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளையே இருக்கிறாள் என்றெல்லாம் அவருக்குத் தகவல் கிடைத்தது. கடவுளாகப் பார்த்துக் காட்டிய வழி என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். யூலியாவின் தகப்பன் கண்மூடிய பிறகு அந்த வீட்டின் நல்லது கெட்டதெல்லாம் அவர் தலையில்தான்.

துஷ்யாவுக்கும் இப்போது உற்சாகம் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் சுரங்க முதலாளி பியர் கொடுப்பார், குடித்துவிட்டுப் பாடுவார்கள், ஆனால் ஞாயிறு காலை தேவாலயத்தில் நிற்பார்கள் என்றாள்.

“அப்ப எங்கடை ஆக்கள் மாதிரித்தான்,” என்றார் அருட்செல்வம் ஆறுதலாக.

அடுத்தது வேதம். லூத்தரன் என்று கேட்டதும், கத்தோலிக்கரான அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, யேசுநாதர் ஒருவர்தானே என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பரம்பரை வியாதி? பாறையை நெருப்பால் சுட்டு வெடிக்கவைத்துத்தான் உடைப்பார்களாம். அந்தப் புகையால் பலருக்கு நெஞ்சு கெட்டிருந்தது. அது தொழிலால் வந்தது, இரத்தத்தில் வந்ததல்ல என்று அவரே தீர்ப்பளித்தார். களவு பொய்? ஒருவன் முதலாளியின் குதிரையோடு ஓடிப்போனதாக ஒரு கதை உண்டு என்று துஷ்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மாப்பிள்ளைக்கு அவர் என்ன முறை?”

“அவர் கலியாணம் கட்டாத ஆள், அங்கிள்.”

“அப்ப விடுவம்.”

“மாமா, விசாரிச்சது காணும். பஸ் போயிடும்,” என்றாள் யூலியா, திரும்பாமலே.

அடுப்படியிலிருந்து அனஸ்ரேசியா மெல்லக் கிட்ட வந்தாள். அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“இவை பிறத்தியாரிலையும் கட்டினவையோ, பிள்ளை? அப்பிடி வந்த பொம்பிளையை எப்பிடி வைச்சிருந்தவை?”

துஷ்யா யோசித்தாள். பின்லாந்துப் பக்கத்திலிருந்து ஒருத்தி மருமகளாக வந்திருக்கிறாள். இவர்களுடைய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் பனிக்காலத்தில் மாமிக்காரி அடுப்போடு ஒட்டியிருந்த தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஜன்னலோரக் குளிருக்குப் போய்ப் படுத்தாளாம்.

அனஸ்ரேசியா, இன்னும் அடுப்போடு கிடந்த அந்தக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு ஜன்னலடியில் நின்ற மகளைப் பார்த்தாள். மகள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியனுப்ப வந்த துஷ்யா வாசலில் யூலியாவின் கையைப் பிடித்து, “கிராதுலேரர், அக்கா,” என்று நோர்வேஜிய மொழியில் வாழ்த்தினாள்.

“எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை,” என்று யூலியா கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினாள். பாவம், வீட்டில் வலு நெருக்குவாரம் போல என்று துஷ்யா நினைத்துக்கொண்டாள்.

வெளியே மழை விட்டிருந்தது. பிர்ச் மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அருட்செல்வம் குடையைச் சுருக்கினார்.

“குடும்பம் பிழையில்லை. அந்தக் குதிரை ஒண்டுதான் இடிக்குது. இனி நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ.”

சொல்லிவிட்டு அவர் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். யூலியாவும் பின்னால் போகத் திரும்பினாள். அனஸ்ரேசியா அவளுடைய சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள்.

“நீ கேட்ட மாதிரியே விசாரிச்சாச்சு, யூலியா. நான் கட்டினாலும் அப்பாவின்ரை படம் விறாந்தைச் சுவரிலைதான் இருக்கும், அவரும் அதைக் கழட்டச் சொல்ல மாட்டார். நான் அந்த மனிசனுக்கு ஓம் எண்டு சொல்லட்டே, பிள்ளை?”