முன் இருக்கை

நியூ ஜெர்சிக் கடலோரத்தில் இன்று அவர்கள் பார்க்கும் மூன்றாவது மீன்பிடி ஊர் இது. சாயும் வெயில் படகுத்துறையில் குவிந்திருக்கும் வலைகளின் மேல் மங்கலாகப் படிகிறது. கடற்காகங்கள் தூணுக்கு ஒன்றாக உட்கார்ந்து கத்துகின்றன. மணலில் நடந்துவந்த மாமியார் ராமாத்தாள் காரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை நீவுகிறாள். பின் இருக்கையில் அவளால் கால் நீட்ட முடிவதில்லை. மகிழன் முன்கதவைத் திறக்கிறான். மனைவி யாமினி இறந்தபின் அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை; அவள் முன்னால் இழுத்துப் போட்ட இருக்கை அப்படியே இருக்கிறது. “வேண்டாமுங்க மாப்பிள்ளை, அது எங்க கண்ணு உக்காந்த எடமுங்க.” “உக்காருங்க அத்தை.” உட்கார்ந்ததும் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. “அவ அவங்கப்பனாட்டக் குள்ளமுங்க, நாந்தான் நெட்டக்கொக்கு” என்று சிரிக்கப் பார்க்கிறாள். “இப்படியே இருக்கட்டுமுங்க, ஒண்ணும் பண்ணாது.” படகொன்று புகையைக் கக்கியபடி கரையை விட்டு விலகுகிறது. மகிழன் தரையில் மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் கைவிட்டுக் கம்பியைத் தூக்கி, மாமியாரோடு சேர்த்து இருக்கையைப் பின்னால் தள்ளுகிறான். எப்போதோ விழுந்த மணல் நறநறக்கிறது. இருக்கை கடைசிவரை போய் ‘டக்’கென்று நிற்கிறது. ராமாத்தாள் மெல்லக் காலை நீட்டுகிறாள்.